சொந்தமுமில்லை, குத்தகையுமில்லை

03.08.1965, செவ்வாய்

ஒரு சிறு பிழை விட்டிருக்கிறேன். மறந்துபோவதற்கு முன் எழுதிவைக்கிறேன்.

இராசமலர் அக்காவின் கிணற்றுப் படிவத்தில் ஏழாம் கேள்விக்குப் பிழையான பெட்டியில் புள்ளடி போட்டுவிட்டேன். இன்று காலை படிவங்களின் பிரதிகளை நீலக் கொப்பிக்குள் அடுக்கியபோதுதான் கண்டேன். மூலங்கள் போய்ப் பத்து நாளாகிவிட்டது.

விபரம் இதுதான். எங்கள் குடியேற்றத் திட்டத்தில் குளத்துத் தண்ணீர் கடைசியாகப் போய்ச்சேரும் கடைவாய்க்கால் பக்கம் இருப்பவர்களுக்குப் பத்துக் கிணறு கட்டச் சீமெந்தும் கம்பியும் தருவதாக ஒரு வெளிநாட்டுத் தருமசபை அறிவித்திருந்தது. கேட்டவர்கள் முப்பத்தேழு பேர். கிராம முன்னேற்றச் சங்கத்தின் சார்பில் மற்ற உறுப்பினர் விமலேஸ்வரி பதினெட்டுப் படிவமும் நான் பத்தொன்பதும் நிரப்பினோம். ஏழாம் கேள்வி: ‘சென்ற சிறுபோகத்தில் வேறு நிலம் செய்தீர்களா? எங்கே, எவ்வளவு?’ அதன் கீழே இரண்டு பெட்டிகள். ஒன்று ‘சொந்தம்’, மற்றது ‘குத்தகை’.

கோடை விதைப்பான சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர் எல்லா வயலுக்கும் காணாது. ஆகையால் சித்திரைக் கூட்டத்தில் மேல்வாய்க்கால்களான முதல் இரண்டு வாய்க்கால்களுக்கு மட்டும் தண்ணீர் விடுவதென்றும், அந்த வயல்களை அந்த ஒரு போகத்துக்கு எல்லோருமாகப் பிரித்து விதைப்பதென்றும் முடிவெடுப்பார்கள். சீட்டுப் போட்டுப் பார்ப்பார்கள். இம்முறை எங்கள் வயலில் அரை ஏக்கர் இராசமலர் அக்காவுக்கு விழுந்தது. அவர் விதைத்தார், வெட்டினார், போனார். வயல் திரும்ப எங்களிடம் வந்துவிட்டது.

இதைச் சொந்தம் என்பதா, குத்தகை என்பதா? ஒருவரும் ஒரு சதமும் கொடுக்கவில்லை, ஆகவே குத்தகை இல்லை என்று நினைத்து மற்றப் பெட்டியில் போட்டேன். இப்போது பார்த்தால் அது சரியில்லை. ஆனால் சிறிய விஷயம்தான் என்று நினைக்கிறேன்.

கிளிநொச்சியில் நடக்கும் மாலை வகுப்புக்கு ஐயா சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். வகுப்பு முடியும்வரை அவர் வெளியே ஜன்னலோரத்தில் கிடக்கும் உடைந்த மர வாங்கில் உட்கார்ந்திருப்பார். ஐந்து மைல் போய்த் திரும்பி வருவது வீண் என்பது அவர் கணக்கு. நாங்கள் ஏழு பேர். நேசமலர் ரீச்சர் பேராதனையில் பட்டம் பெற்று வந்தவர், எங்கள் எல்லோரையும் விட நாலைந்து வயதுதான் கூட. இந்தத் தவணைக்கான தலைப்பு வெளிநாட்டு உதவி. இரண்டு வருடத்துக்கு முன், எண்ணெய்க் கம்பனிகளை அரசாங்கம் எடுத்ததற்காக அமெரிக்கா இலங்கைக்குக் கொடுத்த உதவியை நிறுத்தியதைப் பற்றிக் கரும்பலகையில் எழுதிவிட்டு, “அவங்கள் நிப்பாட்டினது சரியோ?” என்று கேட்டார்.

ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஐயாவின் குரல் வந்தது.

“எண்ணையைப் பறிச்சா ஆர் கோதுமை மா தருவான்?”

எல்லோரும் சிரித்தார்கள். பேசியது என் தகப்பன்; நான் கொப்பிக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். பஸ் டிப்போவில் நேரக்காப்பாளராக இருக்கும் கிறகோரி எழுந்து, “ரீச்சர், எட்டாவது மாணவருக்கும் வரவு போடுங்கோ” என்றார். இவர் கடலோரக் கொக்கிளாய்க்காரர். எதற்கும் ஒரு பகிடி வைத்திருப்பார்.

அடுத்த வியாழன் அல்ல, அதற்கடுத்த வியாழன், பன்னிரண்டாம் தேதி, ஒருவர் கட்டுரை வாசிக்க வேண்டும். தலைப்பு: ‘கொடுக்கும் நாடு கேள்வி கேட்கலாமா?’ ரீச்சர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் பெயரை எழுதிவிட்டார்.

05.08.1965, வியாழன்

சிறிய விஷயம் இல்லை.

சங்கத்துப் பலகையில் பட்டியல் போட்டிருக்கிறார்கள். ஒன்பது பெயர்கள். இராசமலர் அக்காவின் பெயர் இல்லை. தன் காணியிலிருந்து இருநூறு யார் தூரத்திலேயே கிணறு உள்ள ஒருவருடைய பெயர்கூட இருக்கிறது. அக்கா தண்ணீர் எடுக்க அறுநூறு யார் நடப்பவர்.

வகுப்புக்கு முன் ஐயாவை நிற்கச் சொல்லிவிட்டு, சங்கச் செயலாளர் கனகலிங்கம் அண்ணை வேலை செய்யும் கூட்டுறவுக் கடைக்குப் போனேன். சங்கத்தின் கடிதங்களெல்லாம் அவருடைய மேசை லாச்சியில்தான் இருக்கின்றன.

“அண்ணை, இராசமலர் அக்காவை ஏன் விட்டனீங்கள்?”

“நாங்கள் விடேல்லைப் பிள்ளை. அவாவுக்கு மேல்வாய்க்காலிலை அரை ஏக்கர் சொந்தமாக் கிடக்கெண்டு நீதானே எழுதியிருக்கிறாய்.”

“உங்களுக்குத் தெரியுந்தானே அது எங்கடை வயலெண்டு?”

“எனக்குத் தெரியும். கொழும்பிலை இருந்து வந்த தருமசபை வெள்ளைக்காரனுக்குத் தெரியுமோ? அவரிட்டை ஒரு சட்டம். தண்ணி வாற நிலம் வேறை வைச்சிருக்கிறவைக்குக் கிணறு இல்லை. படிவத்தை ஒவ்வொண்டாப் புரட்டிப் பாத்தார். முப்பத்தேழு பேரைப் பத்துப் பேராக்க வேணும். ஆரையாவது வெட்ட ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்த மனுசனுக்கு நீ புள்ளடியே போட்டுக் குடுத்திட்டாய்.”

பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். அவர் பொல்லாதவர் அல்லர். மற்றக் கடைவாய்க்கால்காரர் எல்லோருக்கும் சிறுபோகத்தில் இப்படிப் பங்கு விழுந்ததுதான். ஆனால் அவர்கள் ஏழாம் கேள்விக்கு ‘இல்லை’ என்றார்கள், நாங்களும் ‘இல்லை’ என்று எழுதினோம் என்பதை அவரே எடுத்துச் சொன்னார். பத்தாவது கிணறு இன்னும் எழுதப்படவில்லையாம். முறைப்பாடு வந்தால் பார்ப்பதற்கென்று விட்டிருக்கிறார்கள். ஏற்கெனவே மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். திருத்திய படிவம், வயல்காரர் கையெழுத்துடன் ஒரு கடிதம், இராசமலர் அக்காவின் கையெழுத்து, மூன்றும் பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் அவருடைய மேசைக்கு வர வேண்டும். அன்றிரவு ரயிலில் கட்டு கொழும்புக்குப் போகும்.

“வயல்காரர் உன்ரை ஐயாதானே, சுகமான வேலை” என்றார்.

இன்றைய வகுப்பில் பாதுகாப்பைப் பற்றிப் பேசினோம். பெரிய நாடுகளின் உதவி, பசி கூடிய இடத்தைப் பார்த்துப் போவதைவிடப் பயம் கூடிய இடத்தைப் பார்த்துப் போவதுதான் அதிகம் என்று ரீச்சர் சொன்னார். எந்த எல்லைக்கு அப்பால் எதிரி இருக்கிறானோ அந்த எல்லைக்கு உள்ளே கோதுமை வந்து இறங்குமாம்.

“அப்ப எங்கடை கடைவாய்க்காலுக்கு அங்காலை ஒரு எதிரி நாடு இருந்திருந்தா முப்பத்தேழு கிணறும் வந்திருக்கும்” என்றார் கிறகோரி.

மற்ற நாளென்றால் நானும் சிரித்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். பத்தொன்பது படிவத்தில் ஒன்றில் மட்டும், வேறு நிலம் செய்தார் என்ற உண்மையை எழுதினேன். அந்த ஒன்று அதனாலேயே பட்டியலில் இல்லை. அது எங்கள் வயல், எனக்குத் தெரியும், தெரிந்ததை ‘இல்லை’ என்று எழுதக் கை வரவில்லை. இப்படிச் சொல்லிக்கொள்ளும்போது நான் நல்லவள் போலத் தெரிகிறது. அது முழுக்கச் சரிதானா என்று தெரியவில்லை.

07.08.1965, சனி

இராசமலர் அக்காவிடம் போனேன். கடைவாய்க்காலில் தண்ணீர் இல்லை, வெடித்த மண்தான். அவர் இரண்டு வாளியுடன் மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு கன்றுக்கு ஒரு சிரட்டை. புருஷன் சிற்றம்பலம் அண்ணை கூரையிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தவர்; முற்றத்துக் கதிரையில் இருந்தபடி கயிறு திரித்துக்கொண்டிருந்தார். நான்கு அடிக்குத் தோண்டி விட்டிருந்த கிணற்றுக் குழி அவருக்குப் பின்னால் கிடந்தது. கட்டாமல் தோண்டினால் மண் சரிந்து விழுகிறது. இரண்டு முறை விழுந்துவிட்டது.

நடந்ததைச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் கடைசிச் சிரட்டையையும் ஊற்றி முடித்தார்.

“நான் கேட்டனானே பிள்ளை?” என்றார். “வேண்டாம், ஆற்றையும் தருமம் எங்களுக்கு வேண்டாம் எண்டு சொன்னனான். நீதான் கொப்பியும் பென்சிலும் கொண்டுவந்து, அக்கா இது தருமமில்லை, உங்கடை உரிமை எண்டு அரை மணித்தியாலம் படிப்பிச்சனீ.”

“ஓம் அக்கா.”

“இப்ப வெள்ளைக்காரன் சொல்லுறான் நான் மேல்வாய்க்கால் முதலாளி எண்டு. கேட்டியளே?” என்று புருஷன் பக்கம் திரும்பினார். “உங்கடை பெண்சாதிக்கு ரெண்டு இடத்திலை வயல் கிடக்காம். இனி எழும்பி மரியாதையாக் கதையுங்கோ.”

சிற்றம்பலம் அண்ணை சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு, திருத்தலாம், ஐயா ஒரு கடிதம் தந்தால் போதும் என்றேன்.

“கொப்பர் தருவாரோ?”

“ஏன் தராமல்?”

“என்னெண்டு எழுதுவார்? மயில்வாகனத்தார் இரங்கித் தந்தவர் எண்டோ? அப்பிடி எழுதினா நான் கையெழுத்து வைக்கமாட்டன். சீட்டு விழுந்து வந்தது அது. குளத்துத் தண்ணி அவரின்ரை சீதனமே? எல்லாற்றை தண்ணியும்தான். தண்ணி போற இடத்திலை எனக்குப் பங்கு கிடக்கு. பங்கெண்டு எழுதச் சொல்லு.”

“சொல்லுறன் அக்கா.”

“சொல்லேக்கை அம்பத்தெட்டாம் ஆண்டையும் ஒருக்கால் கேட்டுப் பார்.”

என்ன அது என்று கேட்டேன். “அதை அவர் வாயாலை கேள்” என்று சொல்லிவிட்டு வாளிகளை எடுத்துக்கொண்டு நடந்தார். நானும் ஒரு வாளியை வாங்கிக்கொண்டு கூடப் போனேன். போகும்போது எண்ணினேன். எழுநூற்று நாற்பது அடி எடுத்துவைத்தேன். படிவத்தில் அறுநூறு யார் என்று எழுதியது ஏறக்குறையச் சரி.

08.08.1965, ஞாயிறு

ஐயாவிடம் கேட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவருக்குக் கோபம் வராத நேரம் பார்த்து.

கடிதம் தரலாம் என்றார். ஆனால் ‘பங்கு’ என்ற சொல் இருக்கக்கூடாதாம்.

“ஏன் ஐயா?”

“அரசாங்கம் காணிக்குத் தந்த பேமிற்றிலை என்ன கிடக்கு? காணியைப் பிரிக்கக் கூடாது, குத்தகைக்குக் குடுக்கக் கூடாது. நாளைக்கு ஒரு கந்தோர்க்காரன் வந்து, என்ன மயில்வாகனம், உம்மடை காணியிலை வேறை ஆக்களுக்கும் பங்கு கிடக்காம், கையெழுத்தும் வைச்சிருக்கிறீர் எண்டு கேட்டா? இந்தக் காட்டை வெட்டி வெளியாக்கப் பன்னிரண்டு வருசம் பிள்ளை. அதை ஒரு வரியிலை துலைக்கச் சொல்லுறியோ?”

“அப்ப என்னெண்டு எழுதுறது?”

“உதவியாக் குடுத்தனான் எண்டு எழுது. அதிலை ஒரு வில்லங்கமும் இல்லை. உள்ளதும் அதுதானே. என்ரை வயல், அவள் விதைச்சாள், நான் ஒண்டும் வாங்கேல்லை. உதவியில்லாமல் வேறை என்ன?”

ஐம்பத்தெட்டாம் ஆண்டைப் பற்றிக் கேட்டேன்.

“அது வேறை” என்று எழுந்து மாட்டுக்கு வைக்கோல் போடப் போனார்.

1958 இல் எனக்கு வயது பதினைந்து. முந்திய மார்கழி வெள்ளத்தில் எங்கள் வயல் முழுக்க மணல் மூடிக் கிடந்தது நினைவிருக்கிறது. ஐயாவுக்குச் சாப்பாட்டுப் பெட்டி கொண்டு வெகு தூரம் நடந்ததும் நினைவிருக்கிறது. எந்தப் பக்கம், ஆருடைய வயல் என்று அப்போது நான் கேட்கவில்லை.

ஐயா பயப்படுவது பொய்யில்லை. எழுதும்போது அவர் பக்கத்தையும் எழுத வேண்டும். இன்னொன்றையும் எழுத வேண்டும். அன்று பெட்டி முன்னால் பென்சிலை வைத்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் நின்றேன்? ‘குத்தகை’ என்று போட்டால் அது ஐயாவின் பேமிற்றுக்குக் கூடாது என்பது எனக்கு அப்போதே தெரியும். காசு வாங்கவில்லை என்பதால் மட்டும் அந்தப் பெட்டியைத் தவிர்த்தேனா? எங்கள் பக்கம் பாதுகாப்பாக இருக்கும் பெட்டியைப் பார்த்துப் புள்ளடி போட்டேனா? வியாழக்கிழமை ரீச்சர் சொன்னதும் இதைத்தானே. உதவி எங்கே போகவேண்டும் என்று தீர்மானிப்பவர் முதலில் தன்னுடைய எல்லையைப் பார்த்துக்கொள்கிறார்.

இந்த வசனத்தை மறுபடி வாசித்தேன். பெரிய ஆள் மாதிரிப் பேசுகிறேன். என்றாலும் அதைக் கோடு போட்டு அடிக்கவில்லை.

10.08.1965, செவ்வாய்

ஐயா சொன்னபடி ‘உதவியாக’ என்று ஒரு கடிதம் எழுதி, காலையில் இராசமலர் அக்காவிடம் கொண்டுபோனேன். வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இரண்டாம் வரியில் நிறுத்தச் சொன்னார்.

“கொண்டு போ.”

“அக்கா, ஒரு சொல்லுக்காகக் கிணறு போகுது.”

“போகட்டும். மற்றவையின்ரை காணிக் கிணத்திலை தண்ணி அள்ளேக்கை ஒவ்வொரு நாளும் ஒரு வாளிக்கு ரெண்டு கதை கேட்டுக்கொண்டுதான் வாறன். இனி மேல்வாய்க்காலிலையும் ஒரு கதை கேக்கோணுமோ, நாங்கள் தந்த உதவியிலை சாப்பிட்டவள் எண்டு? அடுத்த சிறுபோகம் கூட்டத்திலை நான் எழும்பிக் கேக்க வேணும். உதவி வாங்கினவள் எழும்பிக் கேக்கேலுமோ? தரேக்கை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.”

சிற்றம்பலம் அண்ணை கதிரையிலிருந்தபடி, “ரெண்டையும் எழுதாமல் விடேலாதோ பிள்ளை?” என்று கேட்டார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அவர் மறுபடி கயிறு திரிக்கத் தொடங்கினார்.

வகுப்பு தொடங்குமுன் ரீச்சரிடம் கேட்டேன். ஆட்களின் பெயரைச் சொல்லவில்லை. ஒரு சொல்லுக்காக ஒருவர் உதவியை மறுத்தால் அது சரியா என்று மட்டும் கேட்டேன். ரீச்சர் ஆரென்று கேட்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

“கொழும்புத் திட்டத்திலை வெளிநாடுகள் தருகினம், ஆனா அது தன்னை உதவி எண்டு சொல்லுறேல்லை. கூட்டுறவு அபிவிருத்தி எண்டுதான் சொல்லுது” என்றார். “சீனாவோடை செய்த அரிசி-றப்பர் ஒப்பந்தத்தை வியாபாரம் எண்டம். நாடுகள் சொல்லுக்காக மாதக்கணக்கிலை மேசையிலை இருக்கினம். ஏனெண்டா, உதவி எண்டா அடுத்த வருசம் நிப்பாட்டலாம். ஒப்பந்தம் எண்டா நிப்பாட்டினவர் காரணம் சொல்ல வேணும். உம்மடை ஆளுக்கு அது விளங்கியிருக்கு. நான் அதைப் புத்தகத்திலை படிச்சனான்.”

“அப்ப நான் என்ன செய்யிறது ரீச்சர்?”

“எனக்குத் தெரியேல்லை கமலாசனி. வியாழக்கிழமை கட்டுரை இருக்கெல்லே? அதிலை கேளும்.”

இன்னும் மூன்று நாள்.

12.08.1965, வியாழன்

கட்டுரை வாசித்தேன். பதினொரு பக்கம். மூன்றாம் பக்கத்தை இரண்டு தடவை வாசித்துவிட்டேன். ஒருவரும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

கொடுக்கும் நாடு கேள்வி கேட்கலாம் என்றுதான் தொடங்கினேன். அந்த நாட்டிலும் வரி கட்டும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் கேள்வியை எழுதிய மேசையில், அதற்குப் பதில் சொல்லப்போகிறவரும் இருந்தாரா என்று பார்க்க வேண்டும் என்றேன். அவர் இல்லாமல் எழுதிய கேள்வியில் அவருடைய வாழ்க்கைக்குப் பெட்டி இருக்காது. பெட்டி இல்லாத உண்மையைச் சொல்பவர் தண்டிக்கப்படுவார். ‘இல்லை’ என்று சொல்பவர் தப்பிக்கொள்வார். பிறகு, ஓர் ஊரில் என்று தொடங்கி, பெயர் போடாமல் கிணற்றுப் படிவத்தின் கதையைச் சொன்னேன்.

முடிந்ததும் கிறகோரி எழுந்தார்.

“பிழையெல்லாத்தையும் கேள்வி எழுதினவன்ரை தலையிலை போடுறியள். படிவத்தை நிரப்பினவர் ஓரத்திலை ஒரு வரி எழுதியிருக்கலாமே, ரெண்டும் இல்லையெண்டு? அவர் என்ன நித்திரையோ?”

“எழுதியிருக்கலாம்” என்றேன். “நான்தான் நிரப்பினனான்.”

ரீச்சர் சோக்கட்டியைக் கீழே வைத்தார்.

“சரி” என்றார் கிறகோரி, இம்முறை மெல்ல. “அந்த அரை ஏக்கர் உதவியோ பங்கோ? அதைச் சொல்லாமல் விட்டிட்டியள்.”

“அதுதான் எனக்கு முடிவெடுக்கத் தெரியேல்லை.”

“சுகமான வழி இருக்கு. எங்கடை பக்கம் கரைவலை இழுக்கேக்கை கயித்திலை கை வைச்சவனுக்கு மீன் குடுக்கிறம். அது உதவியில்லை, ஏனெண்டா நாளைக்கு அவன்ரை வலையை நான் இழுப்பன், அவன் எனக்குத் தருவான். இதையும் அப்பிடித் திருப்பிப் பாருங்கோ. மேல்வாய்க்கால்காரன்ரை வயல் கெட்டுப்போனா, அவன் கடைவாய்க்கால்காரனிட்டைப் போய்க் கேப்பானோ? கேக்கேக்கை எப்பிடிக் கேப்பான், கும்பிட்டோ?”

“ஏன் கும்பிட வேணும்?”

ஜன்னல்தான். எல்லோரும் திரும்பினார்கள். ஐயா வாங்கிலிருந்து எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அம்பத்தெட்டிலை என்ரை வயலை மணல் மூடேக்கை நான் கும்பிட்டே கேட்டனான்? கூட்டத்திலை நெஞ்சை நிமித்திக்கொண்டு நிண்டு கேட்டனான். சீட்டுப் போட்டுத் தந்தவங்கள்!”

“ஆற்றை வயலிலை ஐயா?” என்று கிறகோரி கேட்டார்.

“கடைவாய்க்காலிலை. சிற்றம்பலத்தின்ரை…”

அவ்வளவில் நிறுத்திக்கொண்டார். வகுப்பில் மற்றவர்களுக்கு அந்தப் பெயர் ஆர் என்று தெரியாது. எனக்குத் தெரியும். ஐயாவுக்கும் எனக்குத் தெரியும் என்பது தெரியும். அவர் கம்பியை விட்டு, சைக்கிளைத் துடைப்பதுபோல ஏதோ செய்துகொண்டிருந்தார்.

“ரீச்சர், எட்டாவது மாணவர் சோதினை பாஸ்” என்றார் கிறகோரி. ஒருவரும் உரக்கச் சிரிக்கவில்லை. அதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும், அவர்கூடச் சிரிக்கவில்லை.

ஐயாவைப் பேசவைத்த அந்தக் கேள்வியை நான் திட்டமிட்டு எழுப்பவில்லை. ஆனால் ஐயாவுக்குக் கேட்கும் என்று தெரிந்துதான் கட்டுரையில் அந்தக் கதையை வைத்தேன். இது நேர்மையா என்று இன்னும் யோசிக்கிறேன். பெற்ற தகப்பனை ஏழு பேருக்கு முன்னால் பிடித்துக்கொடுத்துவிட்டேனோ?

வரும் வழியில் ஐயா சிறிய பாலத்தில் ஏறும்போது சைக்கிளை நிறுத்தி, உருட்டிக்கொண்டு நடந்தார். நானும் இறங்கி நடந்தேன்.

“அந்த வருசம் குளம் நிரம்பிக் கடைவாய்க்காலுக்கும் தண்ணி வந்தது. அவன்ரை வயலிலை இருபத்தொரு புசல் நெல்லு வெட்டினனான்” என்றார். “சிற்றம்பலம் அப்ப நல்லா நடந்து திரிஞ்சவன். தன்ரை பாதி வயலிலை என்ரை நெல்லு நிக்க, ஒரு நாளும் வரம்பிலை வந்து நிண்டு, மயில்வாகனம் இது நான் தந்ததெண்டு சொல்லேல்லை.”

நானும் பின்னாலிருந்து சைக்கிளைத் தள்ளினேன்.

“பங்கெண்டே எழுது. ஆனா கூட்டத்திலை எடுத்த முடிவெண்டு முதல் வரியிலை போடு. அரசாங்கத்தின்ரை காரியாதிகாரி தலைமை தாங்கின கூட்டம் எண்டும் போடு. பேமிற்றைப் பற்றி ஆரும் கேட்டா அந்த வரியைக் காட்டலாம்.”

“சரி ஐயா.”

“அம்பத்தெட்டையும் எழுது.”

“அது தேவையில்லை ஐயா, அவையள் கேக்கேல்லை.”

“அவையளுக்காக இல்லை. கடுதாசியை வாசிச்சுக் காட்டேக்கை அவள் கேக்கட்டும்.”

வீட்டுக்கு வந்ததும் விளக்கை ஏற்றி எழுதினேன். கடிதத்தின் பிரதி இது:

‘1965 சித்திரை மாதம் காரியாதிகாரி தலைமையில் நடந்த சிறுபோகக் கூட்டத்தின் முடிவின்படி, எனது வயலில் அரை ஏக்கர் ஒரு போகத்துக்கு மட்டும் திருமதி இராசமலர் சிற்றம்பலம் அவர்களுக்குப் பங்காகச் சீட்டில் விழுந்தது. அது அவருக்குச் சொந்தமும் இல்லை, குத்தகையும் இல்லை. அறுவடையுடன் அந்தப் பங்கு முடிந்தது. 1958 இல் எனது வயல் மணல் மூடியபோது, அவர்களது வயலில் எனக்கும் இவ்வாறே பங்கு கிடைத்தது.’

ஐயா வாசித்து, மயில்வாகனம் என்று கையெழுத்து வைத்தார். மை காயும்வரை ஊதினார். படிவத்தில் நான் ஏழாம் கேள்விக்கு இரண்டு பெட்டியையும் வெறுமையாக விட்டு, ஓரத்தில் ‘இரண்டும் இல்லை, இணைத்த கடிதம் பார்க்க’ என்று எழுதி, கீழே, ‘முந்திய படிவத்தில் புள்ளடி இட்டது நான், பிழை விண்ணப்பகாரருடையது அல்ல’ என்று எழுதிப் பெயர் வைத்தேன்.

இவ்வளவும் செய்தாலும் பத்தாவது கிணறு கிடைக்கும் என்று இல்லை. இன்னும் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். அவர்களுடைய வீட்டுக்கும் கிணறு எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியாது. அவர்களில் ஒருவர் இராசமலர் அக்காவை விடக் கூடத் தூரம் நடப்பவராக இருந்தால் நான் என்ன நினைப்பேன் என்றும் தெரியாது. ஏழாம் கேள்வியின் இரண்டு பெட்டியும் இன்னும் அப்படியே இருக்கின்றன. அடுத்த வருடமும் ஆரோ அதில் எதையோ போடுவார்கள். சங்கக் கூட்டத்தில் அதை எழுப்ப வேண்டும். நான் எழுந்து பேசுவேனா?

வகுப்பு முடிந்து வெளியே வரும்போது, நாளைப் பகல் பன்னிரண்டு மணிக் கெடுவைப் பற்றிக் கேட்டுவிட்டுக் கிறகோரி சொன்னது: “எட்டு இருபது பஸ்ஸிலை வாங்கோ. என்ரை ஆயுளிலை ஒரு நாளாவது அந்த பஸ்ஸை நேரத்துக்கு விட்டுக் காட்டுறன்.”

நாளை விடிய ஆறு மணிக்குக் கடைவாய்க்காலுக்குப் போய், இராசமலர் அக்காவுக்குக் கடிதத்தை முழுவதும் வாசித்துக் காட்டி, சம்மதம் என்றால் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். எட்டு இருபது பஸ்ஸில் கிளிநொச்சிக்குப் போய், பன்னிரண்டு மணிக்கு முன் கனகலிங்கம் அண்ணையின் மேசையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு துண்டு எழுதி வாங்க வேண்டும்.